குச்சி, முட்டை, சீப்பு

அம்மாவிடமிருந்து அந்தப் போன் வந்தபோது நான் சென்னையில், அலுவலகத்துக் கேன்டீனில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். வேலை நேரத்தில் அம்மா கூப்பிடவே மாட்டாள். பதறிப்போய் எடுத்தேன்.

"ஏத்தா, சாப்பிட்டியா?"

"இப்பத்தான் உக்காந்தேன். என்னம்மா, அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவுகளுக்கு என்ன, வேன் ஏறி வேலைக்குப் போயாச்சு. இந்தத் துணி தொவைக்கிற மிஷினுதான். நல்லா இருந்துச்சு, திடீர்னு நின்னுபோய் கீகீன்னு கத்துது. மேல ஏதோ எளுத்து வருது."

"என்ன எழுத்தும்மா?"

தணிந்த குரலில் சொன்னாள். "ஒரு குச்சி நிக்குது. பக்கத்துல ஒரு சீப்பு."

அம்மா நான்காம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் செய்தித்தாளை வரி விடாமல் வாசிப்பாள். இங்கிலீஷ் எழுத்து மட்டும் தெரியாது. அதை என்னிடம் சொல்வதில் அவளுக்கு என்றைக்குமே கூச்சம் உண்டு.

"சீப்புக்கு எத்தனை பல்லு?"

"மூணு."

"பல்லு எந்தப் பக்கமா பாத்திருக்கு?"

"கெழக்க."

எங்கள் ஊரில் இடது வலது என்று யாரும் சொல்வதில்லை. சோற்றுக்கு உப்பு எடுக்கச் சொன்னால்கூட மேற்குத் தட்டில் இருக்கிறது என்பார்கள். ஆனைக்குட்டம் வீட்டின் பின்கட்டில் மெஷின் எப்படி நிற்கிறது என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். கதவு வடக்கே பார்த்திருக்கும். எதிரே நின்று பார்க்கிறவளுக்குக் கிழக்கு இடது கைப்பக்கம் அல்லவா வரும்? குழம்பிப்போனேன்.

"மிஷினை எடம் மாத்துனீங்களா?"

"ஆமா, உங்க அப்பா நேத்துத்தான் தண்ணி போறதுக்கு வசதியா வடக்கு செவத்துல ஒட்டிப் போட்டாக."

அப்படியானால் சரி, தெற்கே பார்த்திருக்கிறது, பல் வலது பக்கம். ஐ, ஈ. கையேட்டின் பக்கங்களை முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே வரவில்லை என்று அர்த்தம்.

"குழாயத் தெறந்திருக்கியா?"

"தெறந்துதான் இருக்கு. மேல டேங்க்குலயும் முக்கால்வாசி கெடக்கு. நான் ஏறிப் பாத்துட்டேன்."

கைமுறிவு சரியாகி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் மொட்டைமாடி ஏணியில் ஏறியிருக்கிறாள். அதைச் சொன்னால் சண்டை வரும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கைமுறிவால்தான் மெஷினே வந்தது. துவைகல்லுக்குப் பக்கத்தில் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. அதுவரை அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்தாள். கட்டுப் போட்டதோடு அந்த வேலை நின்றது. நான் லீவு போட்டு வந்து, சிவகாசியில் ஒரு கடையில் சொல்லி, முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் ஒன்றை வீட்டில் இறக்கிவைத்தேன். பொருத்திக்கொடுக்க வந்தவர் பத்து நிமிடத்தில் எல்லாப் பொத்தானையும் அமுக்கிக் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக அவசரப்பட்டார்.

அப்பா மட்டும் அவரை விடவில்லை. மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்து கேட்டார். "உள்ள தண்ணிய சூடு பண்ணுமோ?"

"பண்ணும்ணே, கம்பி இருக்கு."

"துணிய எப்படித் தொவைக்கும்? உருட்டியா?"

"உருட்டி உருட்டித் தூக்கிப் போடும். கடைசில வேகமாச் சுத்திப் பிழியும்."

அப்பா எங்களைப் பார்த்துத் திரும்பினார். "உருட்டுது, உரசுது, சூடு வைக்குது. கம்பெனில நாங்க இந்த மூணுக்குந்தான் பயந்து சாவோம். என் வேலைத்துணி ஒண்ணுகூட இதுக்குள்ள போவக்கூடாது. சொல்லிட்டேன்."

அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் இருந்தார். வெடிமருந்துகளைச் சலித்துக் கலக்கும் அறை அது. அங்கே வேலை செய்பவர்கள் சாயங்காலம் வேனில் வரும்போது பார்த்தால் முகம், கை, புருவம் எல்லாம் வெள்ளிப் பூச்சு பூசியதுபோல் இருக்கும். அலுமினியப் பவுடர். அப்பாவின் காக்கி டவுசரையும் பருத்திச் சட்டையையும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரேதான் துவைப்பார். மெஷின் வந்த பிறகும் அப்படியே நடந்தது.

அன்றைக்குப் போனில் நான் கையேட்டில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழாயை மூடு, பின்னால் இருக்கும் டியூபைத் திருகிக் கழற்று, அது சேரும் துளைக்குள் சின்னச் சல்லடை இருக்கும், பார்.

"இங்கன ஒண்ணுங் காணோமே."

"வெள்ளையா, ரூபாய்க் காசு அளவுல இருக்கும்மா."

"அட, இருக்கு! உப்புப் பூத்து அடைஞ்சுபோய்க் கெடக்கு. நான் அதைச் சுண்ணாம்புன்னு நெனச்சேன்."

எங்கள் போர்த் தண்ணீர் அப்படி. எலுமிச்சம்பழச் சாற்றில் அரைமணி நேரம் ஊறப்போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னேன். மூன்றரை மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். போனை மெஷினிடம் நீட்டியிருக்கிறாள். தண்ணீர் விழும் ஓசை கேட்டது. பிறகு, "கேட்டுச்சா?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் போன்கள் வழக்கமாயின. என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. "உங்கம்மா இன்னைக்கு என்ன பொருள் பார்த்தாங்க?" என்பார்கள். எனக்கு அந்தப் பத்து நிமிடம் ஊருக்குப் போய்வருவது மாதிரி இருக்கும். அம்மா பேசும்போது பின்னால் மீன்காரரின் ஹாரன் கேட்கும். தூரத்தில் ஏதாவது ஒரு கம்பெனியில் சரவெடியைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "என்னவாம்?" என்று கேட்பதும் கேட்கும். சென்னையில் எனக்கு அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. அதுவரை வாரம் ஒருமுறை பேசினால் சாப்பாட்டையும் உடம்பையும் விசாரித்துவிட்டு வைத்துவிடுவோம். வேறு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது.

ஒருமுறை மட்டும் என்னைக் கேட்காமல் மெக்கானிக்கை வரச்சொல்லிவிட்டாள். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் மெஷின் அசையவில்லை. பிறைநிலா ஒன்று, மண்வெட்டி ஒன்று வந்ததாம். நான் அன்று மீட்டிங்கில் இருந்ததால் போனை எடுக்க முடியவில்லை. சிவகாசியிலிருந்து மெக்கானிக் வந்து, பார்த்து, ஒரு பொத்தானின் மேல் விரலை வைத்து மூன்று எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தார். சரியாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் பொத்தானை அமுக்கிவிடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு, துடைக்கும்போது கைபட்டுப் பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான் என்றார். மதினி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

"இதுக்குப் போயி அவரை அம்புட்டுத் தூரம் வரவச்சுட்டேனே," என்று அம்மா ராத்திரி போனில் குறைபட்டாள். "அது பழுதுன்னு சொல்லலியாம். பூட்டியிருக்கேன்னு சொல்லிருக்கு. எனக்குத்தான் வெளங்கல."

மறுநாள் பழைய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தாள். என்னைக் கையேட்டிலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, எழுத்தின் வடிவத்தைக் கேட்டு, இடதுகைப் பக்கம் படமாக வரைந்தாள். எதிரே தன் தமிழில் எழுதினாள். குச்சி சீப்பு: தண்ணி வரல, குழாய், சல்லடை பார். கிண்ணம் சீப்பு: துணி ஒரு பக்கமாச் சேர்ந்துருச்சு, நிறுத்திப் பிரிச்சுப் போடு, போர்வையைத் தனியாப் போடாதே. முட்டை சீப்பு: தண்ணி வெளிய போகல, டியூப், கீழ் மூடி, வடிகட்டி பார். பிறை மண்வெட்டி: ஒண்ணுமில்ல, பூட்டு. கடைசி வரியில் மூன்று புள்ளிகள் வைத்து, மூன்று எண்ணவும் என்று எழுதியிருந்தாள்.

அந்தத் தாளை நான் நேரில் பார்த்தது தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு. சீசன் உச்சத்தில் இருந்த நேரம். நான்கு நாள் லீவில் வந்திருந்தேன். அப்பா காலையில் ஆறரைக்கெல்லாம் வேனுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது தோள் இரண்டும் தொங்கியிருக்கும். வந்ததும் பின்வாசல் வழியாகக் கொல்லைக்குப் போய், குளித்து, குனிந்து உட்கார்ந்து துணியை அலசுவார். இருமிக்கொண்டே அலசுவார். அம்மா சமையல்கட்டு ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

மறுநாள் அப்பா போனபின் அவருடைய இன்னொரு செட் துணி கொல்லைக் கயிற்றில் தொங்கியது. முந்தின நாள் அலசியதுதான், ஆனாலும் உதறினால் சாம்பல் நிறத்தில் தூசு பறந்தது. அம்மா அதை எடுத்து, மூலையில் அவர் தனியாக வைத்திருந்த பழைய சட்டை, தலைத்துண்டு, டவுசர் எல்லாவற்றையும் சேர்த்து மெஷினில் போட்டாள்.

"அம்மா, வேண்டாம்னு சொல்லிருக்காரே."

"அவுக சொல்லுவாக. தெனமும் இருமிக்கிட்டு இம்புட்டுத் துணிய அலசுனா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? பச்சத்தண்ணியிலதான் போடுறேன். சூடு வைக்கல. நீ பேசாம இரி."

முக்கால் மணி நேரம் ஓடியது. பிறகு கீகீயென்று கத்தியது. நான் போவதற்குள் அம்மா போய்விட்டாள். "முட்டையும் சீப்பும்," என்றாள். முகம் வெளுத்திருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் பாதி அளவு நின்றது. அது அழுக்குத் தண்ணீர் நிறத்திலேயே இல்லை. ஈயம் உருகியதுபோல் மினுமினுத்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் நிற்கும்வரை திறக்காது. வெளியே போகும் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தோம், மடங்கவில்லை. அடுத்தது கீழே மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்ற வேண்டும். நான் குனிந்து மூடியில் கையை வைத்தேன்.

"தொடாத," என்றாள் அம்மா. அவளுடைய குரலைக் கேட்டு நான் கையை எடுத்துவிட்டேன். "அவுக வரட்டும்."

நான்கரை மணிக்கு அப்பா வந்தார். எங்கள் இருவருடைய முகத்தையும் பார்த்தார், மெஷினின் கண்ணாடியைப் பார்த்தார். அம்மாவைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"புள்ள இதைத் தொட்டுச்சா?"

"இல்ல. தொட விடல."

"ரெண்டு பேரும் தள்ளிப் போங்க. சுவிட்ச அணைச்சாச்சா? பிளக்கப் பிடுங்கு."

அம்மாவின் தாளில் முட்டை சீப்புக்கு எதிரே இருந்ததை ஒருமுறை வாசித்தார். தரையில் ஒருக்களித்துப் படுத்து, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த விரல் மொத்தச் சின்ன டியூபை இழுத்து, பிளாஸ்டிக் பேசினில் தண்ணீரை வடியவிட்டார். பேசின் நிறைய நிறையக் கொல்லைக்குக் கொண்டுபோனார். எட்டு தடவையோ ஒன்பது தடவையோ போய்வந்தார். நான் தூக்குகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். காதில் வாங்கவில்லை. கடைசியில் வடிகட்டியைத் திருகி வெளியே எடுத்தார். அதில் சாம்பல் நிறத்தில் சேறு அப்பியிருந்தது. அதற்குள் சணல் நூல், ஊறிய காகிதத் துணுக்குகள், ஒரு சட்டைப் பட்டன். டவுசர்ப் பையில் கிடந்தவை எல்லாம்.

"அழுக்குத்தானேப்பா, நான் கழுவித் தர்றேன்," என்றேன்.

"அளுக்கு இல்ல தாயி, மருந்து. ஈரமா இருக்கிற வரைக்கும் சும்மா இருக்கும். காஞ்சா சும்மா இருக்காது."

கொல்லையின் கடைசியில் மண்வெட்டியால் குழி வெட்டி, சேற்றை அதில் போட்டு, தண்ணீர் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினார். வடிகட்டியை மூன்று தண்ணீரில் கழுவினார். அப்புறம் குளித்தார். குளித்து வேட்டி மாற்றி வந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா காபியைக் கொடுத்தாள். அவர் என்னைப் பார்த்து, சாதாரணமாக ஏதோ ஊர்ச்செய்தி சொல்வதுபோல் சொன்னார்.

"ஒனக்கு மூணு வயசு இருக்கும். கம்மாக்கரைல வேன் நின்னதும் ஓடிவந்து காலக் கட்டிக்கிட்ட. நானும் தூக்கிக்கிட்டேன். மொகமெல்லாம் வெள்ளியா ஆயிப்போச்சு. எல்லாரும் சிரிச்சாக, நானுந்தான் சிரிச்சேன். காலைல பாத்தா ரெண்டு கண்ணும் வீங்கி மூடிருச்சு. சிவகாசி ஆஸ்பத்திரில நாலு நாளு. கண்ணு திரும்புமான்னு கேட்டதுக்கு டாக்டரு பதிலே சொல்லல."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த ஆஸ்பத்திரி நினைவில்லை. நினைவில் இருப்பது அதற்குப் பின்னால் வந்த வருடங்கள். சாயங்காலம் வாசலில் நிற்பேன். தெருமுனையில் அப்பா தெரிவார். என்னைப் பார்த்ததும் வேகமாக நடந்து, வீட்டைச் சுற்றிப் பின்பக்கச் சந்துக்குள் போய்விடுவார். நான் பின்னால் ஓடினால், "வராத, உள்ள போ," என்று அதட்டுவார். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள், பிரஸ்ஸுக்கும் கடைக்கும் போகிறவர்கள், சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றுவார்கள். என் அப்பா குளித்து, துவைத்து, உலர்த்திவிட்டு சோப்பு வாசத்தோடு வரும்போது நான் கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். பொம்பளைப் பிள்ளையாகப் பிறந்ததால் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய அன்றுகூட அதை நினைத்துத்தான் அழுதேன்.

"ஏன்ப்பா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்ல? ஒன் கண்ண நானே கெடுக்கப் பாத்தேன்னா?"

எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கையை வைத்தார். அதற்குமேல் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை போலும், கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

அம்மாதான் பேச்சை மாற்றினாள். "இப்ப இந்தத் துணிய என்ன செய்ய? உள்ளயே கெடக்கு."

அப்பா மெஷின் கதவைத் திறந்து அதை ஈரத்தோடு வாளியில் அள்ளிக் கொல்லைக்குக் கொண்டுபோனார். அன்றே அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு ஆனது. வேலைத்துணி இனி மெஷினுக்குள் போகாது. அதில் அப்பா ஒரு துளியும் இறங்கி வரவில்லை. ஆனால் வீட்டுத்துணி, போர்வை, வேட்டி எல்லாம் அம்மாவும் மெஷினும் பார்த்துக்கொள்ளும். அப்பா துவைக்கும்போது அம்மா தள்ளி நின்று டியூபில் தண்ணீர் பாய்ச்சுவாள், அவர் குனிந்து வாளி தூக்க வேண்டியதில்லை. மெஷினை வெறும் தண்ணீரில் மூன்று தடவை ஓடவிட்ட பிறகுதான் அப்பா அம்மாவை அதன் பக்கத்தில் போகவிட்டார். காலண்டர்த் தாளில் முட்டை சீப்புக்குக் கீழே, அவருடைய சாய்ந்த கையெழுத்தில், "பையைப் பார்த்துப் போடவும்" என்று ஒரு வரி சேர்ந்தது.

எங்கள் தெருவில் அடுத்தடுத்து நான்கைந்து வீடுகளில் மெஷின் வந்தது. வேறு கம்பெனி மெஷின்களில் எழுத்தும் எண்ணும் வேறு மாதிரி. நான்கு வந்தால் ஒன்று, ஐந்து வந்தால் ஒன்று. ஆனாலும் மதினி உட்பட எல்லோரும் அம்மாவிடம்தான் வந்தார்கள். "முதல்ல தண்ணி வருதா பாரு, அப்புறம் தண்ணி போவுதா பாரு, அப்புறம் கதவப் பாரு. எல்லா மிஷினும் இந்த மூணுக்குத்தான் கத்தும்," என்று அம்மா சொல்வதைப் போனில் கேட்டிருக்கிறேன். எனக்கு வரும் போன்கள் குறைந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டு வருடம் கழித்து டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதால் அப்பா மருந்து ரூமை விட்டார். இப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ் குடோனில் கட்டு எண்ணி அனுப்பும் வேலை. இருமல் முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரே நேரத்தில் பேசும்படி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கணக்காகப் பேசுகிறோம்.

போன வருடம் மெஷினின் உருளையைச் சுற்றவைக்கும் பேரிங் தேய்ந்து, பிழியும்போது லாரி போல இரைய ஆரம்பித்தது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று முடிவானது. எடுத்துப்போக ஆள் வந்த அன்று நானும் ஊரில் இருந்தேன். அப்பா காலையிலிருந்தே அதன் முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்து, வடிகட்டியைக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பிரிச்சு விக்கப்போறதுக்கு எதுக்கு இம்புட்டுச் சுத்தம்?" என்றார் வந்தவர்.

"பிரிக்கிற ஆளு கைய வைப்பாருல்ல," என்றார் அப்பா.

இருவருமாகத் தூக்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கம்மாக்கரைப் பக்கம் திரும்பியது. புது மெஷின் மறுநாள்தான் வரும். பின்கட்டில் சதுரமாக வெளுத்த தரையை அம்மா பெருக்கினாள். அன்றைய துணி ஒரு வாளி நிறையக் கிடந்தது. நானும் அப்பாவும் கொல்லைக்குத் தூக்கிப்போனோம். அம்மா டியூபைப் பிடித்தாள். மூவரும் பேசிக்கொண்டே அலசி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டிருந்தது.